ஹாட்ஸ்பாட் தூரத்தில் அழகர்சாமி

ஆனந்தவள்ளி துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனால், பின்னாலேயே அழகர்சாமியும் படியேறுவார். வாளியைத் தூக்கிக் கொடுக்க அல்ல. அவளுடைய நைட்டிப் பையில் கிடக்கும் போனிலிருந்துதான் அவருடைய போனுக்கு நெட் வருகிறது. கொடியின் இந்தக் கோடியிலிருந்து அவள் அந்தக் கோடிக்கு நகர்ந்தால், அவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலை விட்டு நகர்வார். நடுவில் ஈரப் போர்வை தொங்கினால் அதை விலக்கிக்கொண்டு, "கொஞ்சம் நில்லு ஆனந்தி, பாதியில நிக்குது" என்பார்.

"எனக்கும் வேலை பாதியிலதான் நிக்குது" என்பாள் அவள்.

கே.கே. நகரில் இந்தக் காட்சிக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். காய்கறி வண்டி வந்தால் இருவரும் சேர்ந்தே இறங்குகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் அவர் நிற்கிறார். பெண்கள் மட்டும் கூடிய வளைகாப்பு வீட்டில்கூட, வாசலில் செருப்புகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ரிட்டயர் ஆனப்புறம்தான் சில பேருக்குப் பொண்டாட்டி கண்ணுல படுறா. எங்க வீட்டுக்காரர் என்னை மார்க்கெட்டுல எறக்கிவிட்டுட்டு, நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள வண்டியைத் திருப்பிடுவாருக்கா" என்று எதிர்வீட்டு பெலிண்டா பெருமூச்சு விட்டபோது, ஆனந்தவள்ளி மறுத்துச் சொல்லவில்லை. சும்மா கிடைக்கிற நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்வானேன்.

அழகர்சாமி கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கொதிகலன் குழாய்களைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்த்து, சீட்டு ஒட்டுவது வேலை. பச்சைச் சீட்டு என்றால் போகலாம். சிவப்பு என்றால் கழிவு. இரண்டுமில்லாமல் யோசிக்க வேண்டியிருந்தால் மஞ்சள். அழகர்சாமியின் கைக்கு மஞ்சள்தான் வாகாக வரும். "ஹோல்டுல போடு" என்பது அவர் வாயில் முருகா மாதிரி. வீட்டிலும் அதே சட்டம். மகளுக்கு வந்த ஜாதகங்களையெல்லாம் ஹோல்டில் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் புனேயில் தானே ஒருவனைப் பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவர் ஒரேயொரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில் பாஸ் பண்ணினார் என்றால் அது இந்தப் போன். கட்டற்ற போன் என்பார். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்தது. குளியல் சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் கனம். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே குட்டிக் குட்டி சுவிட்சுகள். ஒன்றைத் தள்ளினால் மைக் செத்துப்போகும், இன்னொன்றைத் தள்ளினால் கேமரா குருடாகிவிடும். எந்தக் கம்பெனியும் ஒட்டுக் கேட்க முடியாது. வந்த அன்று ஆனந்தவள்ளியை உட்காரவைத்து விளக்கினார்.

"இதுக்குள்ள ஓடுற ஒவ்வொரு வரியையும் யார் வேணும்னாலும் படிச்சுப் பாத்துக்கலாம்."

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்கலாம்ங்கிறதுதான் முக்கியம்."

அந்தச் சூட்டோடு பழைய போனைத் தூக்கி ஒரு மின்கழிவு முகாமில் போட்டுவிட்டு வந்தார். புதுப் போனுக்கு எந்தக் கம்பெனியின் எந்தத் திட்டம் பொருத்தம் என்று ஆராயத் தொடங்கினார். ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் பழைய எண் காலாவதியாகிப் போயிற்று. வீட்டுக்குக் கம்பி வழியாக நெட் கொடுக்க வந்தவனையும், அவன் கொண்டுவந்த பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாத காரணத்தால், பெட்டியோடு திருப்பி அனுப்பினார். மிச்சமிருந்தது ஆனந்தவள்ளியின் போன் ஒன்றுதான்.

"என் போன் உளவு பாக்குற போன்னு சொன்னீங்க. இப்ப அதுலேர்ந்துதானே உங்களுக்குத் தண்ணி பாயுது?"

"அது வெறும் வாய்க்கால்தான் ஆனந்தி. வாய்க்கால் எப்படி இருந்தா என்ன, வயல் நம்முது."

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிதான், ராமநாதபுரத்தில் அக்கா வள்ளிக்கண்ணுவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நாள் குறிக்கும் வரை. அக்காவுக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. "பத்து நாள் வந்து கூட இருடி, போதும்" என்று கேட்டிருந்தாள். போகத்தான் வேண்டும். ஆனால் அழகர்சாமிக்குச் சர்க்கரை. போன ஐப்பசியில், ஏதோ மென்பொருளை ஏற்றுகிற மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை மறந்து, குளியலறையில் சரிந்து விழுந்தார். வீட்டில் ஆனந்தவள்ளி இருந்தாள், சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினாள். மணி அடிக்க ஒரு போன்கூட இல்லாத வீட்டில் அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? இவர் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, அக்காவின் ஆஸ்பத்திரி நாளை இரண்டு தடவை தள்ளிவைத்தாகிவிட்டது. இரண்டாவது தடவை அக்கா பொறுக்கவில்லை. "ஏண்டி, உன் புருஷனுக்கு நெட்டு வர்ற வரைக்கும் நான் நொண்டிக்கிட்டே கெடக்கணுமா?"

அழகர்சாமி சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. சட்டைப்பையில் சிம்மை வெளியே தள்ளும் ஊசியோடுதான் காலை நடைக்குப் போவார். எதிரே வருகிறவரிடம் நலம் விசாரித்துவிட்டு, "உங்க சிம்மைக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா? ஒரே ஒரு டெஸ்ட்டு" என்பார். கொஞ்ச நாளில் பூங்காவில் அவர் தலையைக் கண்டதும் மனிதர்கள் பையைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். கிடைத்தவரை டெஸ்ட் செய்ததில், ஒரு கம்பெனியின் சிம்மில் நெட் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆனால் கட்டற்ற போனுக்கு அதில் பேச வாய் வரவில்லை, ஊமை மாதிரி முழித்தது. இன்னொன்றில் பேச்சு வந்தது. அதற்குத் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

சிம் தேறினாலும் திட்டம் தேறாது. தினசரி இவ்வளவு என்று அளந்து கொடுத்து, மிச்சத்தை அன்றைக்கே எடுத்துக்கொள்ளும் திட்டங்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "நம்ம தட்டுல மிச்சம் வெச்ச சோத்தை எடுத்துட்டுப் போக அவன் யாரு?" மாதம் என்று சொல்லி இருபத்தெட்டே நாளில் முடிகிற திட்டங்கள் எந்தப் பஞ்சாங்கத்தில் வருகின்றன என்று மொபைல் கடை வசீமை நிற்கவைத்துக் கேட்டார். சினிமாவும் கிரிக்கெட்டும் இலவசம் என்றால், கேட்காததை ஏன் தலையில் கட்டுகிறாய் என்பார். வசீம் பொறுமைசாலி. "சார், ஆயிரம் பேரு வந்து ஏதோ ஒண்ணு போடுன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் என்ன இருக்குன்னு கேக்குறீங்க. கேக்குறது சரிதான். ஆனா ஏதோ ஒண்ணு போட்டுக்கங்க சார்" என்றான்.

ஒரு சனிக்கிழமை அவராகவே, "ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாமா?" என்றார். ஆனந்தவள்ளி சுங்குடி கட்டி, துளசி மாலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். காவிரிப் பாலத்து நடுவில் வண்டியை நிறுத்தினார். ஆற்றைக் காட்டத்தான் என்று நினைத்தாள். அவர், வசீமிடம் இரவல் வாங்கிய சிம்மைப் போட்டிருந்த தன் போனைத் தூக்கிப் பிடித்து, எந்தத் தூணருகே டவர் மாறுகிறது என்று பார்த்தார். பிறகு உத்தர வீதியில் ஒரு சுற்று, சித்திரை வீதியில் ஒரு சுற்று. ராஜகோபுரத்தடியில் இரண்டு கோடு, வெள்ளைக் கோபுரத்தருகே முழுசு. கோயிலுக்குள் போக வேண்டுமென்றால் போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். உள்ளே இருப்பதைக் கழற்றிப் பார்க்கக்கூடிய ஒரு போனை முன்பின் தெரியாதவர் கையில் எப்படிக் கொடுப்பது? ஹோல்டு. மாலையை ஒரு பூக்கடைக்காரியிடமே கொடுத்து உள்ளே சேர்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் அக்கா போனில் விசாரித்தபோது ஆனந்தவள்ளி சொன்னாள்: "பெருமாள் உள்ள படுத்திருந்தாரு. நாங்க வெளியிலயே டவர் தரிசனம் பண்ணிட்டு வந்துட்டோம்."

மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை என்று நாள் கொடுத்தார்கள். ஆனந்தவள்ளி யாரையும் கேட்கவில்லை. ஜங்ஷனுக்குப் போய்ப் புதன்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அதுக்குள்ள உங்க போன் அடிக்கணும். அடிக்கலேன்னாலும் போவேன். ஆனா நிம்மதியா போக மாட்டேன்."

அந்தக் குரலுக்கு மஞ்சள் சீட்டு ஒட்ட முடியாது என்று அழகர்சாமிக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தார். மாதக்கணக்கில் நடந்த ஆய்வில் கடைசியாகத் தேறியது, ஆனந்தவள்ளி பல வருஷமாக வைத்திருக்கும் அதே கம்பெனிதான். அவள் அதை எடுத்ததற்குக் காரணம், அன்றைக்குக் கடையில் ஒரு குடை இலவசமாகக் கொடுத்தார்கள். வசீமிடம் புது சிம் வாங்கினார். நம்பரைச் சொன்னால் இங்கேயே ரீசார்ஜ் போட்டுவிடுகிறேன் என்றான் அவன். எந்தச் செயலி வழியாகப் போடுவாய் என்று கேட்டுவிட்டு, வேண்டாம், என் போனிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று வந்துவிட்டார். திட்டமும் தேர்ந்தாகிவிட்டது: ஒரு வருஷம் முழுவதற்கும் மொத்தமாக ஒரு குவியல், தினசரிக் கணக்கு கிடையாது, மிச்சத்தை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

சாயங்காலம் ஆனந்தவள்ளி வழிப்பயணத்துக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் உப்பு ஜாடிமேல் சாய்ந்திருந்தது. அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு அழகர்சாமி கம்பெனியின் தளத்தைத் திறந்தார். எண்ணைத் தட்டுவதற்கு முன்பே, கட்டத்துக்குள் ஓர் எண் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. "நாம சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டான் பாரு" என்றார். எல்லாக் கம்பெனிகளையும் அந்தக் குற்றத்துக்காகவே திட்டுகிறவர், இன்றைக்கு ஏனோ அதைப் பாராட்டாகச் சொன்னார். பாங்கிலிருந்து வந்த ரகசிய எண்ணை ஆனந்தவள்ளி கரண்டியோடு எட்டிப் பார்த்துப் படித்துச் சொன்னாள். அவர் அழுத்தினார். முடிந்தது. பச்சை.

உப்பு ஜாடிமேல் போன் கிணுங்கியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"என்னங்க, எனக்கு ஒரு வருஷத்துக்கு நெட்டு போட்டிருக்காங்களாம்."

"யாரு?"

"நீங்கதான்."

புது சிம்மை அவர் இன்னும் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் வாய்க்கால் வழியாக வந்தவரை, கம்பெனியின் தளம் அவளாகவே நினைத்துக்கொண்டது. ஒவ்வொரு குழாயிலும் பொறித்த எண்ணை மும்முறை படித்துப் பார்த்தவர், இந்த எண்ணை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. அவள் போனிலிருந்தே கம்பெனியைக் கூப்பிட்டார். ஒரு பெண் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, லைனில் இருக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டுப் போனாள். வாழ்நாளில் முதல் தடவையாக அழகர்சாமி ஹோல்டில் இருந்தார். திரும்பி வந்தவள், போட்டது போட்டதுதான் சார் என்றாள்.

போனை உப்பு ஜாடிமேல் திரும்பச் சாய்த்துவைத்தார். பிறகு, "ஒரு விதத்துல நல்லதுதான். உன் நெட்டு இனிமே தீரவே தீராது" என்றார். சொன்ன பிறகுதான் கூடத்தில் கட்டிவைத்திருந்த பையைப் பார்த்தார்.

"பத்து நாள்தானே?"

"பதினஞ்சும் ஆகலாம்."

அடுப்பை அணைத்துவிட்டு ஆனந்தவள்ளி செருப்பை மாட்டினாள். புது சிம்மை உறையோடு எடுத்துக்கொண்டு வசீம் கடைக்குப் போனாள். அன்று அவர் பின்னால் வரவில்லை. வசீம் ஒரு பட்டன் போனில் சிம்மைப் போட்டு, "நெட்டு வேணாமாக்கா?" என்று கேட்டான். பேசினால் போதும் என்றாள். வீட்டில் அழகர்சாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணியைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"இதுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருக்கு..."

"மணி அடிச்சா பச்சையை அமுக்குங்க. சாப்ட்டேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் இதுல ஓடுது."

அவர் திருப்புவதை நிறுத்தினார். பட்டன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை ராமநாதபுரம் வண்டியில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழகர்சாமி பையை ஏற்றி வைத்தார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், பிளாட்பாரத்தில் ஜன்னலை ஒட்டி நின்றார். ஆனந்தவள்ளி அங்கேயே ஒருமுறை அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். சட்டைப்பை அடித்தது. பச்சையை அமுக்கி, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்ட்டேன்" என்றார். அவள் நிம்மதியாகப் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அவரோ இன்னொரு கையிலிருந்த சோப்புக் கட்டிப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புது அப்டேட் ஒன்று வந்திருக்கிறதாம், இறங்கிக்கொண்டிருக்கிறதாம், முக்கால்வாசி முடிந்ததாம்.

வண்டி நகர்ந்தது. அவரும் நடந்தார். வண்டி வேகம் எடுத்ததும் அவர் நடையும் வேகம் எடுத்தது. போனை ஜன்னலை நோக்கி நீட்டியபடி, மூட்டைகளையும் டீக்காரரையும் விலக்கிக்கொண்டு வந்தார். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் நெகிழ்ந்துபோனாள். "இந்த வயசுலயும் எப்படித் தவிக்கிறாரு பாருங்க" என்றாள்.

ஆனந்தவள்ளி மடியிலிருந்த தன் போனை எடுத்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, பிளாட்பாரம் முடிகிற வரை அவர் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.