காய்ச்சல் வாய்க்கு நட்சத்திரப் பாஸ்தா

என் தங்கை கன்னியாஸ்திரி. இத்தாலியில் ஒரு சின்ன ஊரில், அவளுடைய சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். சில வருடங்களுக்கு ஒருமுறைதான் விடுமுறை கிடைக்கும். போன முறை ஆரணிக்கு வந்தபோது பெட்டியில் பாதி எங்களுக்கான சாமான்தான். பிள்ளைகளுக்குச் சாக்லேட், எனக்கு ஜெபமாலை, பெரிய சீஸ் கட்டி ஒன்று, இரண்டு பாக்கெட் பாஸ்தா. கடைகளில் நான் பார்த்த பாஸ்தா மாதிரி அது இல்லை. ஒவ்வொன்றும் மிளகளவு நட்சத்திரம். ஃபிரிட்ஜில் வைத்த சீஸின் வாடை பால், தோசை மாவு எல்லாவற்றிலும் ஏறியது. என் கணவர் ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டப்பாவில் போட்டு இறுக்கி மூடச் சொன்னார். பாஸ்தாவை நான் ரவை டப்பாவுக்குப் பின்னால் வைத்து மறந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து அவளுக்கு விருந்துதான். மாமா வீட்டில் பிரியாணி, கூடப் படித்தவள் வீட்டில் மீன் குழம்பு. யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. படவேட்டில் இருக்கும் சித்தியைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸுக்காக மழையில் நின்றிருக்கிறாள். மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். டாக்டர் ரத்தம் பரிசோதித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, வயிற்றுக்கு லேசாகக் கொடுங்கள் என்றார்.

லேசாக என்றால் எங்கள் வீட்டில் நொய்க் கஞ்சி. சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அதைத்தான் கொடுப்பாள். அம்மா இப்போது இல்லை. நானே காய்ச்சி, அப்பளம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சாயங்காலம் ரசம் சாதம் குழைத்துக் கொடுத்தேன். அதுவும் இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, அந்த நட்சத்திரப் பாக்கெட்டு எங்க வெச்சிருக்க? கோச்சிக்காத. எனக்கு அத செஞ்சி குடுக்கிறியா?”

கோபமெல்லாம் இல்லை என்றேன். ஆனால் சமையலறைக்குள் வந்ததும் மனசு ஒரு மாதிரி இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவள், உடம்பு முடியாத நேரத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டைத்தான் தேடுவாள் என்று நினைத்திருந்தேன்.

ஹாலில் கட்டிலில் படுத்தபடியே அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. கேரட், வெங்காயம், ஒரு உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பெரிதாக நறுக்கி, உப்பு போட்டு வேகவைத்து, தண்ணீரை மட்டும் வடிகட்டிக்கொள்ள வேண்டும். அங்கே செலரி என்று ஒரு தண்டும் போடுவார்களாம். ஆரணியில் அதற்கு எங்கே போவது? கொத்தமல்லித் தண்டைப் போட்டேன். பழக்கத்தில் கை மஞ்சள்தூளுக்குப் போனது. மஞ்சள் போடட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். மிளகு? வேண்டாம். கடுகாவது தாளிக்கட்டுமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டாள்.

அந்தத் தண்ணீர் கொதித்ததும் நட்சத்திரங்களைப் போட்டேன். சேமியா போலச் சீக்கிரமே வெந்தன. வடிக்கக் கூடாது, தண்ணீர் அதிலேயே வற்றிக் கூழ் பதத்துக்கு வர வேண்டும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வெண்ணெய், அடித்த முட்டை. முட்டையை ஊற்றும்போது கிண்டுவதை நிறுத்தினால் பொடிமாஸ் ஆகிவிடும். கடைசியில் சீஸ். கேரட் துருவியில் துருவிப் போட்டேன். சூட்டில் விழுந்ததும் அந்த வாடை போய், வெண்ணெய் உருக்கும்போது வருகிற மாதிரி ஒரு வாசனை வந்தது.

கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். அங்கே போன முதல் குளிர்காலத்திலேயே கடுமையான காய்ச்சலாம். பாஷை தெரியாது. கஞ்சி வேண்டும் என்று கையால் ஜாடை காட்டியிருக்கிறாள். சமையல் பார்த்த சிஸ்டர் அவருக்குப் புரிந்தபடி இதைச் செய்து கொண்டுவந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாராம்.

“மொத நாளு அழுதுகினேதான் சாப்ட்டேன், கஞ்சி இல்லியேன்னு. அப்புறம் எத்தினி தபா படுத்தாலும் இதான் வந்துது. இப்ப வாய் இதத்தான் கேக்குது. நான் இன்னா பண்றது?”

எத்தனையோ தடவை படுத்திருக்கிறாள். ஒன்றைக்கூட எங்களிடம் சொன்னதில்லை. போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பாள். காலையிலிருந்து எனக்கிருந்த வருத்தம் போய் வேறொரு வருத்தம் வந்தது. அந்த சிஸ்டர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டேன்.

“இருக்காங்க. பல்லு இல்ல, கண்ணும் சரியா தெரியல. நான்தான் இத செஞ்சி ஊட்டறேன்.”

மறுநாளும் அதையே செய்தேன். அன்றைக்கு அவளைக் கேட்காமல் கொஞ்சம் மிளகு சீரகம் பொடித்துப் போட்டேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது. ஆனா இது அது இல்லக்கா.”

அதையும் மிச்சம் வைக்கவில்லை. காய்ச்சல் விட்டு, இன்னும் சில வீடுகளுக்குப் போய் வந்துவிட்டு, இத்தாலிக்குக் கிளம்பிப் போனாள். இரண்டாவது பாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு ஒருநாள் செய்து கொடுத்தேன். செய்யாற்றில் வேலை முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவரும் ஒரு தட்டு சாப்பிட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்டார். அதோடு தீர்ந்துவிட்டது. வேலூருக்குப் போனபோது ஒரு பெரிய கடையில் கேட்டேன். குழாய் மாதிரி வளைந்ததுதான் இருக்கிறது, நட்சத்திரம் வருவதில்லை என்றார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.