கால்வேயில் நான் சாப்பிடச் சொன்ன கடை

பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பன்றி இறைச்சி கலந்த சூப்பைச் சாப்பிடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் முஸ்லிம்கள். தடுக்க நேரம் இருந்தது, கையில் ஃபோனும் இருந்தது. நான் தடுக்கவில்லை. வெட்கம்தான் காரணம். வேறு காரணம் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நாங்கள் குடியிருக்கும் கிரவீனில் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு மரவேலிதான். அவர் என்னைவிடச் சில வயது இளையவர், காலையில் என்னோடு நடக்க வருவார். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது அயர்லாந்துக்கும் இரண்டு மூன்று நாள் போய்வரலாம் என்று நினைத்திருந்தார்கள். என் மகன் முன்பு அந்த நாட்டில் கால்வே என்ற ஊரில் வேலை பார்த்தான். நான் அங்கே இரண்டு கோடைகாலம் தங்கியிருக்கிறேன். எங்கள் ஆட்களிடையே ஓர் ஊருக்கு ஒருமுறை போய்வந்தவன் போதும், அந்த ஊருக்கே அதிகாரி ஆகிவிடுவான். நானோ இரண்டுமுறை போனவன்.

தேநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் கறுப்பு ரொட்டி, அதன்மேல் தடிப்பாக உப்பு வெண்ணெய். பசி எடுத்தால் கடற்கரைப் பக்கம் போய்க் காகிதத்தில் சுற்றித் தரும் பொரித்த மீன். ஆனால் கடற்பறவைகள் கையிலிருந்தே பறித்துவிடும், சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பச்சைச் சிப்பியை நான் சாப்பிட்டேன், நீங்கள் வேண்டாம், வயிறு ஏற்காது. மத்தியானத்துக்கு ஆற்றங்கரையில், பழைய கல்வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. அங்கே சௌடர் என்று ஒரு சூப் தருவார்கள். பால், உருளைக்கிழங்கு, மீன், மட்டி எல்லாம் சேர்ந்து கஞ்சி போலத் தடித்திருக்கும். மழையில் நனைந்துவிட்டு அதைக் குடிக்க வேண்டும் என்றேன்.

அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்.

"மீன் மட்டும்தானேண்ணே?"

"ஓம் தங்கச்சி, மீன் மட்டும்தான். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

அந்தச் சூப்பில் இளஞ்சிவப்பாகச் சிறு துண்டுகள் இருந்தது எனக்கு நினைவிருந்தது. புகைபோட்ட மீன் என்று அப்போது நானே முடிவு செய்திருந்தேன். கடைக்காரரிடம் கேட்கவில்லை. கேட்காததை அறிந்தது போலச் சொன்னேன்.

அவர்கள் போய் ஒரு வாரம் கழிந்தது. மாலையில் மெல்பேர்னிலிருந்து மகன் ஃபோன் எடுத்தான். அவர்கள் மறுநாள் கால்வேக்குப் போகிறார்கள், அந்தக் கடையைச் சொல்லிவிட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா, அவங்கள் அதுக்குள்ள பேக்கன் போடுறவங்கள். நீங்கள் நல்லா ரசிச்சுச் சாப்பிட்டனீங்கள். உடனே மெசேஜ் போடுங்கோ."

போடுகிறேன் என்றேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதைத் தாண்டி ஒரு வரிகூட முன்னே போகவில்லை. மழை பெய்தால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், கடையை மூடியிருப்பார்கள், செய்முறை மாறியிருக்கும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாளும் அப்படியே போனது. அதற்கடுத்த நாள் காலையில் படம் வந்திருந்தது. இரண்டு கிண்ணம், பக்கத்தில் கறுப்பு ரொட்டி. கீழே அவர் எழுதியிருந்தார்: 'நீங்க சொன்ன சூப்பு. அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நாளைக்கும் இங்கதான்.'

அங்கே அப்போது இரவு. அடுத்த மத்தியானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. பெண்டில் ஹில் கடைத்தெரு வரைக்கும் நடந்தேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்காமலே நடந்தேன். பின்னேரம், பதில் போடாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று பயந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அந்தச் சின்னப் படத்தை அனுப்பினேன். இதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் எனக்கொரு கம்பளித் தொப்பியோடு வந்தார்கள். பள்ளிவாசலில் தெரிந்த ஒரு குடும்பமும் அயர்லாந்து போகிறதாம், அவர்களுக்கும் அந்தக் கடையைச் சொல்லியாயிற்று என்றார். "நீங்க சொன்னீங்கன்னே சொல்லிட்டேண்ணே." அவர்கள் போனபின் என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, சூப்பில் என்ன இருந்தது என்று சொன்னேன்.

அவர் மனைவி எழுந்து உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

"தெரியாமச் சாப்பிட்டதுக்கு நாங்க அல்லாகிட்ட கேட்டுக்குவோம்," என்றார் அவர். "உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?"

"நீங்கள் அங்க போறதுக்கு முதல்நாள்."

"படம் அனுப்பினேனே, அப்ப?"

"தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளும் போனதாகவும், மனைவி இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கியதாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அயர்லாந்து போகவிருந்த அந்தக் குடும்பத்தின் ஃபோன் எண்ணை வாங்கி நானே பேசினேன். என் பிழை, அந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்றேன். மறுமுனையில் ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். அறிமுகமில்லாத ஒருவரிடம் உண்மை பேசுவது எவ்வளவு எளிதாக இருந்தது.

அவர் இப்போதும் நடக்க வருகிறார். பயணங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்கு இருவரும் வந்திருந்தார்கள். அவர் மனைவி கையில் தட்டோடு கட்லட்டுக்கு முன்னால் நின்று, "இதுல என்னண்ணே போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமைத்தது என் மனைவி. நான் பார்த்திருக்கவில்லை.

"எனக்குச் சரியாத் தெரியாது தங்கச்சி. கேட்டுக்கொண்டு வாறன்," என்று குசினிக்குள் போனேன். திரும்பி வந்தபோது அவர் வெறும் தட்டோடு அதே இடத்தில் காத்துக்கொண்டு நின்றார்.