நிலைக்கட்டையில் நீல மை

மாதத்தில் ஒரு நாள் அம்மாவின் இடது கட்டைவிரலில் மை வாசனை அடிக்கும். மண்ணெண்ணெயும் துருவும் கலந்த மாதிரி. மணியார்டர் தாளில் ரேகை வைத்துவிட்டு விரலை வாசல் நிலைக்கட்டையில் துடைப்பாள். அந்த இடம் எப்போதும் நீலமாகவே இருக்கும்.

பணம் அப்பாவுடையது. அவராக அனுப்பியதில்லை. எனக்கு நாலு வயதில் எங்களைக் கராச்சர்மாவில் விட்டுவிட்டு அடுத்த தீவில் ரங்கத் என்ற ஊருக்கு ரோட்டு வேலைக்குப் போனவர், இரண்டு வருஷம் ஒரு பைசா தரவில்லை. அம்மா ஏழு தடவை கோர்ட்டுக்கு நடந்து, என் சோற்றுக்கென்று அவருடைய சம்பளமான ‘பகாரில்’ ஒரு பங்கைப் பிடித்து ரோட்டு ஆபீசே அனுப்பும்படி உத்தரவு வாங்கினாள்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா திரும்பி வந்தார். சமாதானம் எப்படி ஆனது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கப்பலேறி ரங்கத்தில் அவருடைய மரவீட்டுக்குப் போனோம்.

பணம் மட்டும் வழக்கம்போல கராச்சர்மாவுக்குப் போய், ஆளில்லை என்று திரும்பி வந்து ஆபீசில் கிடந்தது. பிடித்தமும் நிற்கவில்லை. மீதிச் சம்பளத்தில் மூன்று பேர் மூன்று மாதம் கஞ்சி குடித்தோம். கோர்ட் சொன்னால்தான் நிறுத்துவோம் என்றார்கள். மறுபடி மூவரும் கோர்ட்டுக்குக் கப்பலேறினோம்.

"காசு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்," என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "விலாசத்தை மட்டும் மாத்துங்க. ரங்கத்னு எழுதுங்க," என்றாள்.

"அரே, ஒரே வீட்டுக்குள்ள மணியார்டரா?" என்று குமாஸ்தா சிரித்தார்.

"ஆளு வந்தது சந்தோசந்தான். காகிதமும் இருக்கட்டும். இன்னொரு ஏழு தடவை நடக்க எனக்குக் காலு இல்ல."

மாஜிஸ்திரேட் அப்பாவைப் பார்த்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் மாட்டேன் என்றால் நானும் அம்மாவும் கராச்சர்மாவோடு நின்றுவிட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"மாத்திடுங்க சாப்," என்றார் அப்பா.

திரும்பும் கப்பலில் அவர் வேர்க்கடலை வாங்கி என் கையில் கொடுத்து, பாதியை அம்மாவிடம் கொடு என்று கண்ணைக் காட்டினார்.

அதிலிருந்து மாதாமாதம், தபால் கொண்டுவரும் வங்காளத்துக்காரர், உள்ளே பீடி குடித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே, "தீதி, உன் புருஷன் தூரத்துலேருந்து பைசா அனுப்பியிருக்கான்!" என்று வாசலில் கத்துவார். அப்பா வெளியே வரமாட்டார். அந்தக் காசில்தான் எங்களுக்கு அரிசி.

எனக்குப் பதினெட்டு ஆனதும் உத்தரவு முடிந்தது. அடுத்த மாதமும் தபால்காரர் வந்து நின்றார்.

"ஆபீசுல தப்பா அனுப்பிட்டாங்க. திருப்பிடுங்க," என்றாள் அம்மா.

அவர் தாளை என்னிடம் நீட்டினார். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். அனுப்பினவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆபீஸ் பெயர் இல்லை. அப்பா பெயர் இருந்தது.

அப்பா கொல்லையில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "விரலை வைய்யி. மனுசன் எவ்வளவு நேரம் நிப்பான்," என்றார்.

அம்மா வைத்தாள்.

இப்போது அவர்கள் இல்லை. மணியார்டரும் இல்லை. என் மகன் அனுப்பும் பணம் போனில் வருகிறது, விரலில் ஒன்றும் ஒட்டுவதில்லை. போன வருஷம் சிமெண்ட் வீடு கட்ட, அந்த மரவீட்டின் பழைய நிலைக்கட்டையைக் கழற்றினோம். "இது என்னம்மா கறை?" என்று ஆசாரி கேட்டார்.

"எங்கப்பா அனுப்பின காசு," என்றேன்.

ஆசாரி கட்டையை விறகோடு போட்டார்.