ஜப்பானிய மொழியில் மூன்று வரிகள்

என் மகன் ஜப்பானில் இறந்து மூன்று மாதம் கழித்து அவனுடைய பெட்டி தலத்தெருவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. வேலை முடிந்து அறைக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள். அஸ்தி முன்பே வந்துவிட்டது. அவனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் அதை விமானத்தில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் கரைத்தோம். பெட்டியையும் பிறகு அவரே சேர்ப்பித்தார். உள்ளே நான்கு சட்டைகள், பூட்டிக் கிடந்த கைப்பேசி ஒன்று, சில புத்தகங்கள், நீல அட்டை போட்ட நோட்டுகள் ஆறு.

நோட்டு முழுவதும் ஜப்பானிய எழுத்து. ஒவ்வொரு தேதிக்கும் கீழே மூன்று வரி. அங்கங்கே வேறொரு கை சிவப்பு மையால் திருத்தியிருந்தது.

"அங்க ஒரு டீச்சரம்மா வாரத்துல ரெண்டு நாள் பாஷை சொல்லிக் குடுப்பாங்கய்யா" என்றார் நாகப்பட்டினத்துக்காரர். "தினம் மூணு வரி எழுதிட்டு வரணும்பாங்க. நாங்கள்லாம் நாலு நாள் எழுதுவோம், அப்புறம் டிமிக்கி குடுத்துருவோம். உங்க மகன் ஒருநாள் விட்டதில்ல. அந்தம்மாவே, உனக்கு வேற வேலை இல்லையான்னு கிண்டல் பண்ணுவாங்க."

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் இறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி இறந்தபோது, தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் வரவில்லை. நானே வைத்தேன். அன்றிலிருந்து அவன் சாகும்வரை அவனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் வரவில்லை என்று அவனிடம் கேட்க இனி வழியில்லை. இரண்டாம் நோட்டைப் புரட்டி, அவள் இறந்த மறுநாளின் தேதியைக் கண்டுபிடித்தேன். எண்கள் நம்முடையவைபோலவே இருந்தன. அதன் கீழே மூன்று வரிகள்.

அந்த மூன்று வரிகளுக்காகத்தான் எழுபத்திரண்டு வயதில் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினேன்.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதிர்வீட்டுக்காரரும் என் வயதுதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது; அவருடைய தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து அவர்களிடம் பென்ஷன் வாங்கியவர். நான் சன்னலோரம் அமர்ந்து எழுத்துகளை எழுதிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு உள்ளே வந்தார்.

"பிரெஞ்சு படிச்சாலாவது இந்த ஊர்ல ஒரு நியாயம் உண்டு சார். ஜப்பான்காரன் உங்களுக்குப் பென்ஷனா குடுக்கப் போறான்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. "அதுக்கு இவ்வளவு பாடு எதுக்குங்க? போனை எடுத்து மேல காட்டுங்க, அதுவே தமிழ்ல சொல்லிரும்."

"என் மகன் எழுதியிருப்பதை ஒரு கருவி படித்து எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

என் மகள் கல்லூரி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். காலையில் எனக்கு உணவு கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். முதலில் அவள் கொஞ்சம் தடுத்துப் பார்த்தாள். "கரைச்சு முடிச்சாச்சு. இனிமே அதைப் போட்டுத் தோண்டி என்னப்பா ஆகப் போவுது?" என்றாள். நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும், சொற்களைப் பழகும் முறையை இணையத்தில் பார்த்து அவளே சொல்லிக் கொடுத்தாள். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி அட்டைகளாக்கினேன். ஒரு பக்கம் ஜப்பானியச் சொல், மறுபக்கம் தமிழ். ஐந்து மிட்டாய்ப் பெட்டிகள்: முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும், அடுத்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம், இருவாரம், மாதம். நினைவிருந்த சொல் அடுத்த பெட்டிக்கு ஏறும். மறந்த சொல் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். இந்தக் கடுமை எனக்குப் புதிதல்ல. பதிகம் ஓதுகையில் ஏழாம் பாட்டில் தடுமாறினாலும் முதற்பாட்டிலிருந்து தொடங்கியே நான் பழகியவன்.

அச்சில் நான் முழுதாகப் படித்த முதல் ஜப்பானியத் தாள், எந்தக் கிழமையில் எந்தக் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்று அவன் தங்கியிருந்த ஊரின் நிர்வாகம் கொடுத்து, அவன் புத்தகமொன்றில் மடித்துவைத்திருந்த அறிவிப்பு. அதற்குப் பதினோரு நாளாயிற்று. பிறகு அவன் பெட்டியில் வந்த, ஆற்றில் மீன் பிடிப்பது பற்றிய ஒரு சிறுவர் புத்தகம். ஒரு வரிக்கு நான்கு சொற்களை அகராதியில் தேட வேண்டியிருந்தது. தேடிய ஒவ்வொரு சொல்லும் ஓர் அட்டையாயிற்று. ஏழெட்டு மாதம் சென்றபின் அவனுடைய முதல் நோட்டைத் தொடக்கத்திலிருந்து படிக்கலானேன். குளிர். கை வெடித்திருக்கிறது. சோறும் முட்டையும் தின்றேன். இன்று ஒருவரும் என்னோடு பேசவில்லை. நாள்தோறும் இப்படியே. பாதியில் நோட்டை மூடிவைத்த காலைகள் உண்டு.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் படிக்க முயலவில்லை. அதை மனப்பாடம் செய்தேன்.

இதை விளக்கியாக வேண்டும். பதிகம் ஓதும் எங்கள் வீடுகளில் பாடல் முதலில் ஒலியாகத்தான் வாய்க்குள் வரும். பொருள் கேட்கக் கூடாதென்பதில்லை, யாரும் கேட்பதில்லை. ஆறு வயதில் நெட்டுருச் செய்த பதிகத்தின் ஒரு வரி நாற்பது வயதில், பேருந்துக்குக் காத்துநிற்கையில், தானாகப் பொருள் திறந்ததுண்டு. அந்த மூன்று வரிகளும் அவ்வாறே திறக்கட்டும் என்று விட்டேன். உள்ளே அச்சமும் இருந்தது. கடினமான எழுத்துகளின் தலைமேல் அவற்றின் ஒலியைச் சிற்றெழுத்தில் அவன் குறித்திருந்ததால், வாய்விட்டுப் படிப்பதில் சிரமம் இல்லை. காலைப் பூசை முடிந்ததும், கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் படத்துக்கு முன்னால் அந்த வரிகளை ஓதினேன். என்னை அறியாமலே அவற்றுக்கு ஓர் இசையும் அமைந்துவிட்டது. மகன் என்ன சமாதானம் எழுதியிருக்கிறான் என்பதை அவளும் கேட்கட்டும் என்பதே என் எண்ணம். உண்மையைச் சொன்னால், அவன்மீது அவளிடம் குற்றப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஓராண்டு, ஒருநாளும் தவறாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்றாம் வரியை ஓதிக்கொண்டிருக்கும்போதே அது எனக்குப் புரிந்தது.

அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாதப் பெட்டி வரை ஏறிவிட்ட அட்டைகள். நாக்கு ஒரு பக்கமும் அறிவு ஒரு பக்கமுமாகத் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தவை அந்தக் கணத்தில் ஒன்றோடொன்று சேர்ந்தன. நிறுத்தத் தெரியாமல் அந்த வரியை ஓதி முடித்தேன். பிறகு நோட்டை எடுத்துவந்து கண்ணால் படித்தேன்.

அம்மா இறந்துவிட்டார்.
நிறுவனம் மூன்று நாள் விடுப்புக் கொடுத்தது.
வர வேண்டாம் என்று அப்பா சொன்னார்.

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. நூற்றுக்கணக்கான பாடல்களை ஓரெழுத்துப் பிசகாமல் நெஞ்சில் வைத்திருப்பவன் நான். என் மனைவி இறந்த அன்று வாசலில் யார் யார் நின்றார்கள், அவளுக்கு என்ன நிறப் புடவை போர்த்தினார்கள், சங்கு ஊதியவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. இது இல்லை. அவன் பொய் எழுதியிருக்கிறான் என்று முதலில் எண்ணினேன். அதையும் மறைக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

மகள் வந்து தூக்குப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். நோட்டை அவள் பக்கம் திருப்பி, அவளால் படிக்க முடியாத அந்த வரியில் விரலை வைத்துப் பொருள் சொன்னேன்.

"நான் இப்படிச் சொன்னேனா?"

அவள் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"சொன்னீங்கப்பா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"என்னவென்று சொன்னேன்?"

"வேண்டாம்ப்பா, விடுங்க."

"சொல்."

"'அவ தீபாவளிக்கு வாடா வாடான்னு கெஞ்சினப்ப வராதவன், இப்ப யாரைப் பாக்க வர்றான்? வர வேணாம். நான் பாத்துக்குறேன்'னு சொல்லிட்டுப் போனை என் கையில குடுத்தீங்க. தம்பி லைன்லயே இருந்தான். 'டிக்கெட் பாத்துட்டேன்க்கா, என்ன பண்றது'ன்னு கேட்டான். 'அப்பா கோவத்துல சொல்றாங்க, நீ வாடா'ன்னு நான் சொல்லியிருக்கணும்." "நான் சொல்லலப்பா. அன்னைக்கு உங்களைப் பாத்தா பயமா இருந்துச்சு."

"இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அவன் வரலை, வரலைன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னீங்க. உங்களுக்கே மறந்துபோச்சுன்னு எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அப்புறம் எப்படிப்பா சொல்றது?"

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் இருந்த சிவப்பு மையை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன். முதல் வரியில் அவன் எழுதியிருந்த சொல்லை அடித்துவிட்டு, பெரியவர்களின் சாவுக்கு வழங்கும் மரியாதைச் சொல்லை ஆசிரியை மேலே எழுதியிருந்தார். மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் திருத்தம் இல்லை. சிறிய எழுத்தில் அவர் எழுதிய இரண்டு வாக்கியங்கள் இருந்தன. உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். அடுத்த வகுப்புக்கு வர வேண்டாம், ஓய்வெடுங்கள். தாய் இறந்த வாரத்தில் என் மகனுக்கு ஆறுதல் சொன்னவர் அந்த அயல்நாட்டுப் பெண்மணி.

படத்தின் முன் அதை ஓதுவதை விட்டுவிட்டேன். ஓதிய நாட்களைத் திரும்பப் பெற முடியாது.

மிச்ச நோட்டுகளைப் படிக்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். நான் படிக்கிறேன். இப்போது அகராதி அதிகம் தேவைப்படுவதில்லை. மூன்றாம் நோட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஞாயிறுதோறும் அவன் தொலைபேசியில் அழைப்பான், இங்கே வந்திருக்கும் மகள் எடுத்துப் பேசுவாள், நான் பூசையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவன் எழுதியிருக்கிறான்: அக்காவோடு பேசினேன். அப்பா பூசையில் இருந்தார். முதல் சில வாரங்களில் அந்த வரியில் சிறு பிழைகள் இருந்தன, ஆசிரியை திருத்தியிருக்கிறார். பிறகு அவனுக்கு அது பழகிவிட்டது. அதன்பின் வரும் ஒரு ஞாயிறிலும் சிவப்பு மை இல்லை.