முள்ளற்ற தூண்கள்ளியைக் கண்டெடுத்தவர்

முள்ளற்ற தூண்கள்ளியைக் கண்டெடுத்தவன் நான் என்று தோட்டக்கலை அன்பர்கள் சொல்லி வருகின்றனர். அது பொய். அப்பொய்யை நானே வளரவிட்டேனாதலின் இதனை எழுதியாக வேண்டும்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் உழவர் தம் கொல்லையைச் சுற்றித் தூண்கள்ளியை வேலியாக வளர்த்திருந்தார். முள் குறைந்த தண்டுகளையே ஒடித்து ஒடித்து நட்டு, பல்லாண்டு உழைப்பில் முள்ளே இல்லாத ஒன்றை அடைந்திருந்தார். முள் இருக்க வேண்டிய இடங்களில் வெண்பஞ்சுப் புள்ளிகள் மட்டுமே இருந்தன. கல்லூரியில் தாவரவியல் கற்பித்துவந்த நான், அதில் ஒரு துண்டு கேட்டுக் கள்ளக்குறிச்சியிலிருந்து மிதிவண்டியில் சென்றேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பேருந்துகள் ஓடவில்லை.

வேலியருகே நாங்கள் நின்றிருந்தபோது இளைஞர் கூட்டமொன்று அரிவாள்களுடன் வந்தது. சாலையோரப் புளியமரங்களை முன்னரே வீழ்த்தியிருந்தனர்; காவல் ஊர்திகளை மறிக்க இன்னும் முள் வேண்டும் என்றனர். உழவர் குறுக்கே நின்றார். ஒருவன் அவரை மார்பில் உதைத்துத் தள்ளினான்.

"கள்ளிதான மாமா, நாளைக்கே மொளைச்சிடும்" என்று சிரித்தபடி வெட்டினான். முள்ளற்ற தண்டும் வீழ்ந்தது. "இது இன்னாத்துக்கு ஆவும்? பல்லு போன நாயாட்டம்" என்று அதை மட்டும் எங்கள் பக்கம் வீசினான்.

மற்றவற்றைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டனர். காவலர் வந்ததும் கூட்டம் சிதறியது. நாங்கள் இருவரே அகப்பட்டோம். கள்ளியை வெட்டியவன் கையில் முள் தைத்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. உள்ளங்கைகளை விரிக்கச் சொன்னார்கள். என் கை தூயதாயிருந்தது. உழவரின் கையிலோ பழையதும் புதியதுமாக முள் தைத்த வடுக்கள்.

"வேலி என்னுதுங்க. தெனம் அத்தோடதான மல்லுகட்டிக்கினு கெடக்கறேன்" என்றார்.

அந்தக் கையின்மீதே தடி இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை எனக்குக் கேட்டது.

"நீங்க சொல்லுங்க சார்" என்று என்னைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை. முறிந்த கையோடும் வெறுங்காலோடும் அவரைக் கொண்டே சாலையின் முள்ளை இழுத்தகற்றச் செய்தனர். குருதி வழிய வழிய வண்டியில் ஏற்றிச் சென்றனர்.

நான் அத்தண்டை எடுத்துவந்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்திருந்து நட்டேன். அது தழைத்தது. கேட்டோர்க்கெல்லாம் துண்டு கொடுத்தேன். அவருக்கு ஒன்றேனும் திருப்பிக் கொடுத்தேனில்லை.

முறிந்தது வலக்கை என்றே நினைவு. எத்தனை நாள் சிறையிருந்தார், விரல்கள் பின்னர் மடங்கினவா என்பவற்றை நான் கேட்டறியவே இல்லை. அவருடைய மக்களோ ஊராரோ இதனைப் படிக்க நேர்ந்தால், நான் பிழைபட எழுதியவற்றைத் திருத்துமாறும், அறியாதவற்றை அறிவிக்குமாறும் வேண்டுகிறேன்.