மூன்றாம் அட்டவணை, நான்காம் வரி

பல்ஜான் அக்காவின் கட்டுரையைத் தட்டச்சு செய்தவள் நான். வார்த்தைகளை அடித்துவிட்டு, கணக்குக் குறிகளுக்கு இடம் விட்டு வைப்பேன். அவற்றை அக்கா மசிப்பேனாவால் நிரப்புவாள். எங்கள் அல்மாட்டி ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

மெதுவாக வரும் எலக்ட்ரான் ஆர்கான் அணுவில் பட்டு எப்படிச் சிதறும் என்பது அவள் கணக்கு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், அங்கே அணுவே இல்லாததுபோல அது நேரே போய்விடுமாம்.

"எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"செரிக் தினம் என் மேசையைத் தாண்டிப் போறானே, அப்படித்தான்டி."

செரிக் எங்கள் குழுத் தலைவர். தலைக்கனம் பிடித்த மனுஷன். கட்டுரையின் பிரதி வேண்டுமென்றால் வெளிநாட்டுக்காரர்கள் அஞ்சலட்டை போடுவார்கள். செரிக்கின் சுவரில் நாற்பது அட்டை ஒட்டியிருந்தது. பத்திரிகை அச்சிட்டு அனுப்பிய அக்காவின் இருபத்தைந்து பிரதிகளோ கட்டின நூல்கூட அவிழாமல் அலமாரியில் கிடந்தன. அவளுக்குக் குடும்பமும் இல்லை. தினமும் பதினொரு மணிக்கு டீ குடிக்கிற சாக்கில் கீழே வந்து தபால் தட்டைப் பார்ப்பாள். ஆறு வருஷம் பார்த்தாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

போன வசந்தத்தில் பிர்னோ என்ற ஐரோப்பிய நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்பின் தெரியாத யாரோ ரஷ்ய மொழியில் எழுதியிருந்தார். நூலகத்தில் அவள் கட்டுரையைப் பார்த்தாராம். முழுக் கணக்கையும் முதலிலிருந்து தானே போட்டுப் பார்க்க நாலு மாதம் ஆனதாம். மற்றதெல்லாம் சரி, மூன்றாம் அட்டவணை, நான்காம் வரியில் மட்டும் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறதாம்.

செரிக் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஆறு வருஷத்துல ஒரே ஒரு ஆள் படிச்சான். அவனும் தப்பு கண்டுபிடிக்கவா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். மேலே போய் நூலை அவிழ்த்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்தக் கோட்டைப் போட ஆரம்பித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"விடுங்கக்கா, ஒரு சின்னக் கோடுதானே," என்றேன்.

"அதுக்கா அழறேன்?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நாலு மாசம்டி. நாலு மாசம் ஒருத்தர் என் கூடவே உக்காந்து கணக்குப் போட்டிருக்காரு. எனக்குத் தெரியாமலே போச்சே."