ஒருவனுக்கு அடிக்காத சல்யூட்

வைட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸ் கேட்டில் புதிதாகச் சேர்ந்திருந்த காவலாளி, ராணுவத்தில் எனக்குக் கீழே ஹவில்தாராக இருந்தவர். கார் கண்ணாடியை இறக்கியதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் சாப், பாதியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க?"

"பொண்ணு படிப்புக்காகத்தான்."

வீட்டிலும் இன்டர்வியூவிலும் சொன்ன அதே மானங்கெட்ட பொய். நாலு பேர் சல்யூட் அடிப்பார்கள் என்றுதான் பட்டாளத்தில் சேர்ந்தேன். எனக்கு ஜூனியர் ஒருவன் என்னை முந்திக்கொண்டு கர்னல் ஆனான். அவனுக்கு நான் சல்யூட் அடிப்பதா என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

"நல்லது சாப்" என்று வழிவிட்டார்.

பின்னால் வந்த காருக்கு அவர் விறைப்பாக சல்யூட் அடிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே இருந்த பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த காருக்கும் அதே விறைப்பு. எனக்கு ஒரே ஒருவனுக்கு அடிக்கத்தான் கை வலித்தது.